விளையாட்டு வீராங்கனைகளின் உடற்கொழுப்பு அளவீடு: ஆய்வுக்கூட முறைகள் எவ்வளவு துல்லியமானவை?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களின் மைதானங்களில் ஓட்டம், கபடி, கையுந்துபந்து, பளுதூக்குதல் முதலிய விளையாட்டுகளில் பயிற்சி பெறும் மாணவியருக்குத் தேர்வு முகாமிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ "உடற்கொழுப்பு 24 விழுக்காடு" என்பது போன்ற அறிக்கை ஒன்று தரப்படலாம். அதைக் காணும் பெற்றோர், காய்ச்சல் அளவைப் போல அதையும் உறுதியான எண்ணாகக் கருதிவிடுவது இயல்பு. உடற்கொழுப்பு விழுக்காடு ஒரு மதிப்பீடு மட்டுமே. அது எவ்வாறு பெறப்படுகிறது, எவ்வளவு பிழை அதில் கலந்திருக்கும், அதை வைத்து எந்த முடிவை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• உயிருள்ள உடலில் கொழுப்பை நேரடியாக அளக்கும் முறை எதுவும் இல்லை. எல்லா முறைகளும் வேறொன்றை அளந்து கொழுப்பைக் கணக்கிடுகின்றன.
• சிறந்த ஆய்வுக்கூட முறைகளிலும் 2 முதல் 3 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை பிழை இருக்கக்கூடும்.
• எலும்பு நலிந்த வீராங்கனைக்குச் சில முறைகள் உள்ளதைவிடக் கூடுதலான கொழுப்பைக் காட்டும்.
• மாதவிடாய் தவறுதல், எலும்பில் மயிரிழை முறிவு, தொடர்ந்த சோர்வு ஆகியவை எந்தக் கொழுப்பு அறிக்கையைவிடவும் முக்கியமான அறிகுறிகள்.
• ஒரே ஓர் அறிக்கையை வைத்து உணவைக் குறைக்கக் கூடாது.

உடற்கொழுப்பு ஏன் தேவை?

கொழுப்பு முழுவதும் தேவையற்ற சுமை என்று எண்ணுவது தவறு. நரம்பு, எலும்பு மச்சை, உள்ளுறுப்புகள் ஆகியவற்றில் உள்ள கொழுப்பு உயிர் வாழ்வதற்கே இன்றியமையாதது. இந்த இன்றியமையாக் கொழுப்பு ஆண்களுக்கு உடல் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு என்றும், மகப்பேற்றுக்கு உரிய உடலமைப்பின் காரணமாகப் பெண்களுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு என்றும் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. ஆகவே ஆண் வீரருக்குச் சொல்லப்படும் இலக்கைப் பெண்ணுக்குப் பொருத்துவது ஆபத்தானது. எல்லா வீராங்கனைகளுக்கும் பொதுவான "சரியான விழுக்காடு" என்று ஒன்று கிடையாது.

நீருக்கடியில் எடையிடல்

நெடுங்காலம் அளவுகோலாகக் கருதப்பட்ட முறை இது. கொழுப்பின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம். தசை, எலும்பு, நீர் ஆகியவை சேர்ந்த, கொழுப்பு நீங்கலான பகுதியின் அடர்த்தி ஏறத்தாழ 1.1 கிராம். உடலைத் தரையிலும் நீருக்கடியிலும் எடையிட்டால் மொத்த அடர்த்தி கிடைக்கும். அதிலிருந்து கொழுப்பின் பங்கைக் கணக்கிடலாம். 495-ஐ உடல் அடர்த்தியால் வகுத்து, 450-ஐக் கழிப்பது இதற்குப் பெரிதும் பயன்படும் சிரி வாய்பாடு ஆகும்.

1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கியும் உடன் பணிபுரிந்தவரும் தொழில்முறைக் கால்பந்து வீரர்களை இவ்வாறு அளந்தனர். எடை அட்டவணைப்படி "மிகை எடை" என்று கருதப்பட்ட பலருக்கு உண்மையில் மிகுந்திருந்தது தசையே என்று கண்டனர். எடையை மட்டும் பார்த்து உடலை மதிப்பிடலாகாது என்று அந்த ஆய்வு உணர்த்தியது. ஆயினும் அளக்கப்பட்டவர்கள் ஆண்கள். கொழுப்பு நீங்கலான பகுதியின் அடர்த்தி 1.1 என்ற மதிப்பும் மிகச் சில ஆண் சடலங்களின் பகுப்பாய்வைப் பெரிதும் சார்ந்தது. பெண்களுக்கும் வீராங்கனைகளுக்கும் அதே மதிப்பைப் பொருத்தும்போது இரண்டு இடங்களில் பிழை நுழைகிறது.

முதலாவது, நுரையீரல் காற்று. கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் இதை அறிவார்கள்: மூச்சை நிறைய இழுத்தால் உடல் மிதக்கும், முழுவதும் வெளிவிட்டால் அமிழும். இந்த அளவீட்டில் மூச்சை முழுவதும் வெளிவிட்ட பின்னரும் நுரையீரலில் எஞ்சும் காற்றைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் எஞ்சிய காற்றைக் கணிப்பதில் 100 மில்லிலிட்டர், அதாவது ஒரு சிறு தேநீர்க் குவளை அளவு பிழை நேர்ந்தால், கொழுப்பு விழுக்காடு ஏறத்தாழ ஒரு புள்ளி மாறிவிடும். எஞ்சிய காற்றை அளக்காமல் வயது, உயரம் கொண்டு ஊகித்தால் பிழை இன்னும் கூடும். நீருக்குள் அஞ்சி, மூச்சை முழுவதும் வெளிவிட முடியாதவருக்குக் கொழுப்பு கூடுதலாகவே பதிவாகும்.

இரண்டாவது, எலும்பு. இதுவே வீராங்கனைகளுக்கு மிக முக்கியமானது. எலும்பு வலுவாகவும் தசை மிகுந்தும் உள்ள வீராங்கனையின் கொழுப்பு நீங்கலான பகுதி 1.1-ஐவிடச் சற்று அடர்த்தியாக இருக்கக்கூடும். அப்போது வாய்பாடு கொழுப்பைக் குறைத்துக் காட்டும். போதிய உணவின்றி மாதவிடாய் நின்று எலும்பு நலிந்த வீராங்கனைக்கு இதற்கு நேர்மாறாக நிகழும்.

ஒரு கணக்கீட்டைக் காண்க. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணிடம் 9 கிலோ கொழுப்பு, அதாவது 18 விழுக்காடு உள்ளது எனக் கொள்வோம். அவரது கொழுப்பு நீங்கலான பகுதியின் அடர்த்தி 1.1 ஆக இருந்தால் வாய்பாடு சரியாக 18 எனக் காட்டும். எலும்பு நலிவால் அது 1.095 ஆகக் குறைந்திருந்தால், அதே 9 கிலோ கொழுப்புக்கு 19.7 விழுக்காடு என விடை வரும். உடலில் ஒரு கிராம் கொழுப்பும் கூடவில்லை. எலும்பின் குறை கொழுப்பின் மிகுதியாகத் தோற்றம் தருகிறது. இந்த அறிக்கையைக் கண்டு "இன்னும் கொழுப்பைக் குறை" என்று சொன்னால், கூடுதல் உணவு தேவைப்படும் பெண்ணின் தட்டிலிருந்தே உணவு எடுக்கப்படும்.

காற்று இடப்பெயர்ச்சிக் கூண்டு

முட்டை வடிவிலான மூடிய கூண்டுக்குள் சில நிமிடங்கள் அமரச் செய்து, உடல் எவ்வளவு காற்றை இடம்பெயர்க்கிறது என்று அளப்பது இம்முறை. 1990-களின் நடுப்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது. நீரில் மூழ்கத் தேவையில்லை என்பது இதன் நன்மை. ஆனால் அடர்த்தியை வைத்தே கொழுப்பைக் கணக்கிடுவதால், மேற்கூறிய எலும்புப் பிழை இதற்கும் பொருந்தும். தளர்ந்த ஆடையும் விரித்த கூந்தலும் காற்றைப் பிடித்து வைத்து, கொழுப்பை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். எனவே இறுக்கமான நீச்சல் உடையும் தலையுறையும் கேட்கப்படும். அவ்வுடையை அணியத் தயங்கும் பெண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பெண் பணியாளர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம்.

டெக்சா ஊடுகதிர்ச் சோதனை

எலும்புத் திண்மையை அறியப் பயன்படும் டெக்சா கருவி, இரண்டு வேறு ஆற்றல் கொண்ட ஊடுகதிர்களைச் செலுத்தி எலும்பு, கொழுப்பு, பிற மென்திசு ஆகியவற்றைப் பிரித்தறிகிறது. கதிர்வீச்சு மிகக் குறைவு. இயற்கைச் சூழலிலிருந்து நாம் ஒரு நாளில் பெறும் அளவை ஒட்டியது. ஆயினும் கருவுற்றிருப்பவர்களுக்கும் கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்களுக்கும் இச்சோதனை செய்யப்படுவதில்லை.

எலும்பைத் தனியாக அளப்பதால், அடர்த்தி முறைகளின் பெருங்குறை இதில் பெரிதும் நீங்குகிறது. கை, கால், நடு உடல் எனப் பகுதிவாரியான விவரமும் கிடைக்கும். எனினும் கொழுப்பு நீங்கலான திசுவில் ஏறத்தாழ 73 விழுக்காடு நீர் உள்ளது என்று இம்முறையும் கருதிக்கொள்கிறது. சோதனைக்குச் சற்று முன் வயிறு நிறைய உண்டாலும் நீர் அருந்தினாலும் அந்த எடை தசை எடையாகக் கணக்கில் சேரும். ஒரே பெண்ணை இரு வேறு நிறுவனங்களின் கருவிகளில் அளந்தால் முடிவுகள் சில புள்ளிகள் வேறுபடலாம். ஒரு மருத்துவமனையின் அறிக்கையை மற்றொன்றின் அறிக்கையோடு ஒப்பிட்டு "கொழுப்பு கூடிவிட்டது" என்று முடிவு செய்வது இதனால் பிழையாகும்.

நான்கு கூறு முறை

உடல் அடர்த்தி, கன ஹைட்ரஜன் கலந்த நீரை அருந்தச் செய்து அறியப்படும் மொத்த உடல் நீர், டெக்சா வழி அறியப்படும் எலும்புத் தாது ஆகிய மூன்றையும் சேர்த்து, உடலைக் கொழுப்பு, நீர், தாது, புரதம் என நான்கு கூறுகளாகப் பிரிப்பது இம்முறை. எலும்பும் நீரும் எல்லோருக்கும் ஒன்றே என்ற ஊகத்தை நம்பியிராததால், வீராங்கனைகளுக்கு இதுவே இன்றுள்ள சிறந்த ஒப்பீட்டு அளவுகோல். இதிலும் 1 முதல் 2 புள்ளிகள் வரை பிழை உண்டு. செலவும் நேரமும் மிகுதி என்பதால் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களில் மட்டுமே செய்யப்படுகிறது. பிற முறைகளைச் சரிபார்க்கவே இது பயன்படுகிறது.

மைதானத்தில் செய்யப்படும் இரு முறைகள்

சிற்றூர்களிலும் நகரங்களிலும் எளிதில் கிடைப்பவை பின்வரும் இரண்டே. இவை ஆய்வுக்கூட முறைகளோடு ஒப்பிட்டு உருவாக்கப்பட்டவை. ஆகவே அவற்றின் பிழையையும் தம் சொந்தப் பிழையையும் சேர்த்தே சுமக்கின்றன.

தோல்மடிப்பு அளவீடு: காலிப்பர் எனப்படும் இடுக்கியால் மேற்கை, இடுப்பு, தொடை முதலிய இடங்களில் தோல்மடிப்பின் தடிமனை அளப்பது. பெரிதும் பயன்படும் வாய்பாடுகளில் ஒன்று 1974-இல் ஸ்காட்லாந்தில் 209 ஆண்களையும் 272 பெண்களையும் அளந்து உருவாக்கப்பட்டது. 1980-இல் பெண்களுக்கென வெளியான ஜாக்சன், பொல்லாக், வார்டு வாய்பாடு அமெரிக்கப் பெண்களை அளந்து பெறப்பட்டது. ஒரே உயரமும் எடையும் இருந்தாலும் இந்தியர்களின் உடலில் ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பின் பங்கும் அது சேரும் இடமும் வேறுபடும் என்பது அறியப்பட்டதே. ஆகவே அவ்வாய்பாடுகளை நம் பெண்களுக்கு அப்படியே பொருத்தும்போது பிழை 3 முதல் 4 புள்ளிகளாகவோ அதற்கு மேலாகவோ இருக்கக்கூடும். இதனைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு: விழுக்காடாக மாற்றாமல், எட்டு இடங்களின் தடிமனை மில்லிமீட்டரில் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்பது. பயிற்சி பெற்ற ஒருவரே ஒவ்வொரு முறையும் அளந்தால் இது நம்பத்தக்கது. தோலில் எண்ணெய் பூசியிருந்தால் இடுக்கி வழுக்கும் என்பதை நினைவில் கொள்க.

மின்தடை அளவீடு: நிற்கும் எடைக் கருவியிலோ கைப்பிடியிலோ உணர முடியாத அளவு சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் நீரை மதிப்பிட்டு, அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிடுவது. நீரும் உப்பும் உள்ள தசை மின்னோட்டத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு கடத்தாது. உடலில் நீர் குறைந்திருந்தால் கருவி அதைத் தசைக் குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் பெரும்பாலும் காட்டும். கோடை கடுமையான இம்மாவட்டத்தில் வெயிலில் ஓடி, வியர்த்து, போதிய நீர் அருந்தாமல் வந்து ஏறி நிற்கும் பெண்ணின் அறிக்கையை நம்ப இயலாது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தேங்குவதும் முடிவை மாற்றும். வீராங்கனைகளிடம் இம்முறையின் பிழை 4 முதல் 5 புள்ளிகள் வரை செல்லலாம்.

எடைப் பிரிவு விளையாட்டுகளில் இந்த நீர்க் குழப்பம் இன்னும் கூர்மையாகிறது. 2024 ஆகஸ்டு 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி நாளன்று 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 100 கிராம் என்பது அரைக் குவளை நீரின் எடை. ஓரிரவில் குறைக்கப்படும் எடையில் பெரும்பகுதி நீரே. அவ்வாறு நீரை இழந்த நிலையில் செய்யப்படும் எந்தக் கொழுப்பு அளவீட்டுக்கும் பொருள் இல்லை.

"17 விழுக்காடு" என்ற பழைய கருத்து

பூப்படைவதற்கு 17 விழுக்காடு, மாதவிடாய் ஒழுங்காகத் தொடர்வதற்கு 22 விழுக்காடு கொழுப்பு வேண்டும் என்று 1974-இல் ரோஸ் பிரிஷ் என்னும் ஆய்வாளர் முன்வைத்த கருத்து இன்றும் சில பயிற்சி முகாம்களில் பேசப்படுகிறது. உயரமும் எடையும் கொண்டு ஊகித்த கொழுப்பின் அடிப்படையில் அமைந்த கருத்து அது. அந்த எல்லைக்குக் கீழும் ஒழுங்கான மாதவிடாய் உள்ள வீராங்கனைகள் உள்ளனர். மேலே இருந்தும் மாதவிடாய் நின்றவர்களும் உள்ளனர்.

பயிற்சிக்குச் செலவானது போக உடலின் பிற பணிகளுக்கு எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறது என்பதே முதன்மையான காரணம் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. கொழுப்பு நீங்கலான எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோ கலோரிக்கும் குறைவாக மிஞ்சினால் மாதவிடாயை இயக்கும் இயக்குநீர்களின் ஒழுங்கு குலையத் தொடங்குகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. இந்த எல்லை ஆளுக்கு ஆள் சற்று மாறும். 45 கிலோ கலோரி பாதுகாப்பான அளவாகக் கருதப்படுகிறது.

முன்னர்க் கண்ட 50 கிலோ பெண்ணின் கொழுப்பு நீங்கலான எடை 41 கிலோ. அவர் பயிற்சியில் 500 கிலோ கலோரி செலவிட்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,350 கிலோ கலோரி உணவு தேவை. அவரது கொழுப்பு 3 புள்ளிகள் தவறாக அளக்கப்பட்டிருந்தாலும் இந்தத் தேவை ஏறத்தாழ 70 கிலோ கலோரி மட்டுமே மாறும். ஆகவே போதிய உணவைத் திட்டமிட மிகத் துல்லியமான கொழுப்பு அளவீடு தேவையில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் உணவு கிடைப்பதே முதன்மையானது. கம்பங்கூழ், நிலக்கடலை, முட்டை, பால், சிறு மீன், பருப்பு போன்ற எளிதில் கிடைக்கும் உணவுகள் இதற்குப் போதுமானவை.

ஆற்றல் பற்றாக்குறையால் மாதவிடாய், எலும்பு, நோய் எதிர்ப்பு, மனநலம், விளையாட்டுத் திறன் ஆகிய அனைத்தும் பாதிக்கப்படும் நிலையைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் தனி நோய்க்குறித் தொகுப்பாக வரையறுத்தது. 2023-இல் வெளியான அதன் புதிய வழிகாட்டுதலோடு வந்த பரிந்துரைகள், மருத்துவத் தேவை இருந்தாலன்றி 18 வயதுக்குட்பட்ட வீரர் வீராங்கனைகளுக்கு உடற்கொழுப்பு அளவீடு செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்துகின்றன. பள்ளி மாணவியரின் பெற்றோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அளவீட்டுக்கு முன் கவனிக்க வேண்டியவை

• காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பின் அளப்பது நல்லது.
• முந்தைய நாள் கடும் பயிற்சியைத் தவிர்த்து, வழக்கம்போல நீர் அருந்த வேண்டும்.
• தோடு, வளையல், கொலுசு, உலோகக் கொக்கியுள்ள உடை ஆகியவற்றை டெக்சா சோதனைக்கு முன் அகற்ற வேண்டும்.
• மீண்டும் அளப்பதாயின் அதே கருவி, அதே பணியாளர், மாதவிடாய்ச் சுழற்சியின் அதே காலம் என அமைய வேண்டும்.
• இரு அளவீடுகளுக்கு இடையே குறைந்தது இரண்டு மூன்று மாதங்கள் இடைவெளி வேண்டும்.

அறிக்கை கிடைத்ததும் கேட்க வேண்டிய கேள்விகள்

• எந்த முறையில் அளக்கப்பட்டது? எந்த வாய்பாடு பயன்படுத்தப்பட்டது?
• அதன் பிழை எவ்வளவு? 22 என்ற எண் 19 முதல் 25 வரை எதுவாகவும் இருக்கலாமா?
• சென்ற அறிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் பிழையைவிடப் பெரியதா?
• இந்த எண்ணைக் கொண்டு என்ன முடிவு எடுக்கப்பட உள்ளது? அதை எடுப்பவர் மருத்துவரா, உணவியலாளரா?
• அறிக்கை யாருக்கெல்லாம் காட்டப்படும்?

அளவீட்டுக்கு ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் வீராங்கனையின் உரிமை. முடிவைச் சக மாணவியர் முன் உரக்கப் படிப்பதும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் தகாத செயல்கள். அவை உணவை வெறுக்கும் மனநோய்க்கு வழிவகுக்கக்கூடும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கொழுப்பு அறிக்கை எதுவாக இருந்தாலும், பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்:

• 15 வயது நிறைந்தும் பூப்படையாமை
• தொடர்ந்து மூன்று மாதங்கள் மாதவிடாய் வராமை
• கால், பாதம், இடுப்பு எலும்பில் ஓய்வெடுத்தும் தீராத வலி, அல்லது மயிரிழை முறிவு
• காரணமின்றி எடை குறைதல், அடிக்கடி மயக்கம், தொடர்ந்த சோர்வு
• உணவைத் தவிர்த்தல், மறைத்தல், உண்டபின் வாந்தி எடுத்தல்

"விளையாடும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது சாதாரணம்" என்று சிலர் கூறுவர். அது உடல் தரும் எச்சரிக்கை. இளமையில் இழக்கும் எலும்பை முழுவதும் மீட்பது கடினம். கருவுறுதல், தைராய்டு கோளாறு, கருமுட்டைப் பை நீர்க்கட்டிகள் ஆகிய பிற காரணங்களையும் மருத்துவர் ஆராய்வார். இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளதால், சோர்வு உள்ளவருக்கு ஹீமோகுளோபின் சோதனையும் தேவை.

எங்கு அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். அங்கிருந்து தேவைக்கேற்ப அரசு மருத்துவமனைக்கோ, 2022-இல் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ பரிந்துரை பெறலாம். மகப்பேறு மற்றும் பெண்கள் நலம், எலும்பியல் ஆகிய பிரிவுகளின் மருத்துவர்களிடம் விளையாட்டுப் பயிற்சியின் நேரம், நாள்தோறும் உண்ணும் உணவு, கடைசி மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்வது பயன் தரும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிற்கூடங்களில் பணிபுரிவதால் பகலில் வர இயலாத பெற்றோர் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள். தனிப்பட்ட மருத்துவ ஆலோசனைக்குத் தகுதி பெற்ற மருத்துவரை அணுகவும்.